எதையும் நகத்தாத வீடு

இது ஒண்ணுமில்ல சார், மணிக்கட்டுல எலும்பு லேசா விரிசல் விட்டிருக்கு, அவ்வளவுதான். மாவுக்கட்டப் பாத்தாலே எல்லாரும் பதறிப் போயிடறாங்க. பஸ்ல ஏறுன உடனே ரெண்டு பேரு எந்திரிச்சு எடம் விட்டாங்க. எனக்குத்தான் கூச்சமாப் போச்சு.

இல்ல, டீ வேணாம். எடது கையால புடிச்சா பாதி சேலையிலதான் போகுது. நீங்க குடிங்க, ஆறிடும்.

என்னை அடையாளம் தெரியுதுல்ல? லாரி டிரைவர் வீட்டுக்காரம்மா. போன வருஷம், கண்ணு போன எங்க வீட்டுக்காரருக்குக் குச்சி புடிச்சு நடக்கச் சொல்லிக் குடுக்கறேன்னு எங்க வீட்டுக்கு வந்தீங்களே, உள்ள வாங்கன்னுகூடச் சொல்லாம வாசல்லயே நிக்க வெச்சு அனுப்புனேனே, அந்தப் புண்ணியவதிதான். குச்சி புடிச்சு நடக்கற அவசியம் எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே போயிட்டீங்க. அப்பறம் நான் வேலைக்குக் கெளம்புற நேரம் பாத்து வந்து அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. தெரியும் சார், எல்லாம் தெரியும். எங்க தெருவுல உங்களுக்குக் குச்சி வாத்தியார்னு பேராம். அதுவும் எனக்குப் போன மாசந்தான் தெரியும். சண்டைக்கு வரல, பயப்படாதீங்க. ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன்.

அந்த வெளியூர் லாரி ஆபீஸ் வேலைய அவருக்கு நீங்கதானே பேசி வாங்கிக் குடுத்தீங்க? அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லியிருக்காங்க. போன் எடுக்கணும், எந்த வண்டி எங்க நிக்குதுன்னு கேக்கணும், டிரைவருங்களுக்கு வழி சொல்லணும். கண்ணு தெரியாதவர்கிட்ட கண்ணு தெரிஞ்சவன் வழி கேக்கப்போறான், கேட்டா சிரிப்புதான் வருது. அந்த வேலைக்கு இப்ப போக வேணாம்னு நீங்க சொல்லணும் சார். இன்னும் சரியாப் பழகல, கொஞ்ச நாள் போகட்டும்னு ஒரு வார்த்த. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. நீங்க சொன்னா மறுபேச்சு கெடையாது.

ஏன்னு கேட்டா ஒரு வார்த்தையில சொல்ல முடியாது. எங்க வீட்ட நீங்க பாத்திருக்கீங்க. திருட்டுத்தனமாப் பாத்தது. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. அப்ப கவனிச்சிருப்பீங்க, நாற்காலிக் காலு ஒவ்வொண்ணுக்கும் கீழ தரையில பெயிண்ட்டுல புள்ளி வெச்சிருப்பேன். கட்டிலுக்கும் அப்படித்தான், மேசைக்கும் அப்படித்தான். பெருக்கும்போது நகந்துச்சுன்னா திரும்ப அந்தப் புள்ளி மேலயே கொண்டுபோய் வெப்பேன். தண்ணி சொம்பு ஜன்னல் ஓரம். மாத்திர டப்பா அதுக்கு வலது கைப்பக்கம். துண்டு கதவு கொக்கியில. கதவுன்னா முழுசாத் தெறந்து கெடக்கணும், இல்ல முழுசாச் சாத்தியிருக்கணும். பாதிக் கதவுதான் சார் மண்டைய ஒடைக்கும். அத எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக் குடுக்கல. அவர் நெத்தியில ஒரு தழும்பு இருக்கே, அதுதான் சொல்லிக் குடுத்துச்சு.

அப்பறம் பேசிக்கிட்டே நடக்கறது. இதோ வரேன், உங்க பின்னாடி போறேன், குனியறேன், கையில சூடா இருக்குன்னு வாய் ஓயாது. நான் வேலை செய்யற லாண்டரியிலயும் அதே பழக்கம் தொத்திக்கிச்சு. போர்வ மடிச்சுக்கிட்டே, இடது பக்கம் வரேன், இடது பக்கம் வரேன்னு சொல்றேனாம். கூட வேலை செய்யறவங்க எனக்குக் கண்டக்டரம்மான்னு பேரு வெச்சுட்டாங்க.

அவருக்குக் கண்ணு ஒரே நாள்ல போகல. ஓரத்துலேர்ந்து இருட்டு மெல்ல உள்ள வந்துச்சு. ஒரு நாள் லோடு எறக்கிட்டு வந்தவரு, லாரி சாவியக் கொண்டுபோய் மொதலாளிகிட்டயே குடுத்துட்டு வீட்டுக்கு நடந்து வந்தாரு. பக்கத்துல வர்ற சைக்கிள் தெரிய மாட்டேங்குதுடி, எவனையாவது புள்ளகுட்டிக்காரன அடிச்சுப் போட்டுடுவேன்னாரு. அதோட செவுத்தப் பாத்துப் படுத்தவருதான். கோவம்னா உங்க வீட்டுக் கோவம் எங்க வீட்டுக் கோவம் இல்ல. நீட்டுன கைக்கு டம்ளர் ஆப்புடலன்னா கட்டில்ல தலைய முட்டிக்குவாரு. எங்களுக்குப் புள்ளைங்களும் இல்ல. யாருகிட்டப் போய் அழ? அப்பத்தான் முடிவு பண்ணேன். வெளிய என்ன வேணா மாறட்டும், இந்த நாலு செவுத்துக்குள்ள ஒரு டம்ளரு மாறக்கூடாது. அவர் கைய நீட்டுனா அது அங்க இருக்கணும். அப்படி வெச்சப்பறம்தான் சார் மனுஷன் எந்திரிச்சாரு. தானா குளிச்சாரு. தமாஷ் பேசுனாரு. அத நான்தான் செஞ்சேன். அதுல ஏதாவது தப்பு இருக்கா?

இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்பச் சரி.

அதுக்காக நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. அவரோட தங்கச்சி, என் நாத்தனாரு, ஒரு தடவ வந்து தங்குனா. நல்லவதான். எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு சமையக்கட்ட ஒழிச்சு, அடுக்கி, தொடச்சு வெச்சிருக்கா. நான் வேலைலேர்ந்து வந்து பாத்தா உப்பு டப்பா எடத்துல சக்கர டப்பா. நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுல டிவிய நிறுத்திட்டாங்க. உங்க அண்ணன் என்ன ஆனா உனக்கென்ன, நீ நாளைக்குப் போயிடுவன்னு கேட்டுட்டேன். அவ பொட்டியக் கட்டிட்டுப் போயிட்டா. அதுக்கப்பறம் வரவேயில்ல. வேற சொந்தக்காரங்க வந்தாலும் உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்துட்டு, எதையும் தொடாம எந்திரிச்சுப் போயிடுவாங்க. மியூசியத்துக்கு வந்த மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னாராம். சொல்லிட்டுப் போகட்டும்.

கை ஒடஞ்ச கதைக்குத்தானே வரேன். நீங்க கைய கையப் பாக்கறீங்க.

எங்க வீட்டுல ஒரு வேடிக்க இருக்கு. நான் லைட்டே போட மாட்டேன். அவருக்குத் தேவையில்ல. எனக்கும் எது எங்கன்னு காலுக்கே தெரியும். வேலைலேர்ந்து வந்தா, இருட்டுலயே செருப்ப விட்டு, இருட்டுலயே பைய மாட்டி, இருட்டுலயே அடுப்படிக்குப் போயிடுவேன். பாத்து நடக்கற பழக்கமே விட்டுப்போச்சு. அவர்கூடக் கேலி பண்ணுவாரு, இந்த வீட்டுல ரெண்டு குருடுடின்னு. அப்படிப் பேசாதீங்கன்னு வாயப் பொத்துவேன்.

அன்னிக்கு லாண்டரியில பாய்லர் நின்னுபோச்சு. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மழை வேற கட்டிக்கிட்டு வருது, பகல்லயே வீட்டுக்குள்ள இருட்டு. வழக்கம்போல உள்ள நுழைஞ்சு வேகமா நடந்தேன் பாருங்க, மேசை! நட்ட நடு ரூம்ல! சுவத்தோரம் இருக்க வேண்டிய மேசை. இடுப்புல இடிச்சு, தடுமாறி, கைய ஊனுனேன், ஊனுன எடத்துல நாற்காலி சாஞ்சு கெடக்கு. மளுக்குன்னு ஒரு சத்தம். என் கைதான்னு எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாச்சு.

வலிய விடுங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? திருடன் பூந்துட்டான்னு நெனச்சேன். இவர என்னமோ பண்ணிட்டான்னு நெனச்சேன். ஐயோன்னு கத்துறேன். அவர் சமையக்கட்டுலேர்ந்து வராரு. எப்படி வராரு? குச்சிய லேசா ஒரு வீசு வீசி, நடுவுல கெடந்த மேசையச் சுத்தி, நாற்காலியத் தாண்டி, நேரா எங்கிட்ட வந்து உக்காந்தாரு. எங்கடி அடிபட்டுச்சு, அசையாதன்னாரு. நான் அவர் மூஞ்சியையே பாக்கறேன். கையில குச்சி. எங்க வீட்டுல இல்லாத குச்சி.

நீங்க சொல்லிக் குடுத்த பாடந்தானாமே அது? தினம் ஒரு சாமான எடம் மாத்திப் போடுங்க, மறந்துடுங்க, அப்பறம் நடந்து பாருங்கன்னீங்களாமே. அவரும் காலையில நான் போனதும் நாற்காலிய இங்க தள்ளுவாராம், மேசைய அங்க இழுப்பாராம், சொம்ப எங்கயாவது வெச்சுட்டுத் தேடுவாராம். முட்டிக்குவாராம், விழுவாராம், கத்துக்குவாராம். அப்பறம் நான் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பழைய எடத்துக்கே கொண்டுபோய் வெச்சுடுவாராம். தரையில பெயிண்ட் புள்ளி இருக்கே, விரல்ல தடவுனா மேடா தட்டுப்படுமாம். அந்தப் புள்ளி மேல சாமான் காலக் கரெக்டா வெச்சுட்டு, குச்சிய மடக்கி மெத்தைக்கு அடியில சொருகிட்டு, கட்டில்ல உக்காந்துக்குவாராம். நான் வந்து, இதோ வந்துட்டேன், உங்க வலது பக்கம் நிக்கறேன்னு சொல்லி டம்ளரக் கையில குடுப்பேன். வாங்கிக் குடிப்பாரு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அவருக்காகத்தான் இந்த வீட்ட நகராம வெச்சிருக்கேன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அவரு எனக்காக அத நகராம வெச்சிருந்திருக்காரு. ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீ பயந்துக்குவடின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனதா? அவர்தான். மளிகைக் கடைக்காரருக்குப் போன் போட்டு வண்டி வரச் சொன்னாரு. அந்த ஆளு இவர மாமான்னு கூப்பிடறான் சார்! தெனம் கடைக்குப் போய்ப் பேசிட்டு வருவாராம். பஸ் ஸ்டாப்புல பழக் கடை வெச்சிருக்கற அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, மருந்துக் கடைப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, தெருவுல சுத்தற நாய்க்குக்கூட அவர் குச்சிச் சத்தம் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியல. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுட்டு அவரப் பாத்துக்கிட்டவ நானு. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அழுதேன். நர்சு வந்து, ரொம்ப வலிக்குதாம்மான்னு கேக்குது. ஆமாம்மான்னு சொன்னேன்.

இப்ப வீட்டுல எல்லாம் அவர்தான். டீ அவர்தான் போடறாரு. கொதிக்கற சத்தத்த வெச்சே கண்டுபுடிக்கறாரு. என் தலைய அவர்தான் பின்னி விடறாரு. மொத நாளு கயிறு திரிக்கற மாதிரி இழுத்தாரு, இப்பக் கொஞ்சம் தேவல. ஜாக்கெட் கொக்கி போடறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுது. நீ உக்காரு, நீ உக்காருங்கறாரு. நான் உக்காந்தே கெடக்கேன். அன்னிக்குப் பாருங்க, அவரு அந்தப் பக்கம் போகும்போது, உன் பின்னாடி போறேண்டின்னு சொல்லிட்டுப் போனாரு. என்னையறியாம ஒதுங்கி வழி விட்டேன்.

கேலியா இருக்கு, இல்ல? இல்ல இல்ல, நீங்க சிரிக்கல. எனக்கே அப்படித் தோணுது.

சரி, விஷயத்துக்கு வரேன். அவரு அந்த ஊருக்குப் போனா அங்க யாரு இருக்கா? புது எடம், புது ரோடு. லாரி வர்ற எடம் சார், ரிவர்ஸ் எடுக்கறவன் எவனாவது பின்னாடி பாப்பானா? இவரே அந்தக் காலத்துல பாத்ததில்ல. அதத்தான் சொல்றேன். நீங்க போய்ப் பாத்தீங்களா? பாத்தீங்க. நடைபாதை தனியா போட்டிருக்காங்க. சரி. மாத்திர வேளைக்குப் போடணுமே? அது போன்லயே மணி அடிக்குது, தெரியும், காது கிழியுது. சாப்பாடு? ஆபீஸ்லயே குடுக்கறாங்க. என்ன சார், நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு வெச்சிருக்கீங்க. வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க.

மறுபடியும் அப்படி ஆயிட்டா? அதச் சொல்லுங்க. அந்த எடத்துல யாராவது ஒரு வார்த்த சொல்லி, வேலையில ஒரு தப்பு நடந்து, திரும்பச் செவுத்தப் பாத்துப் படுத்துட்டா? அப்ப நான் எங்க போவேன்? இங்க உக்காந்திருக்கற உங்களுக்கு அது வெறும் பேச்சு. நான் பாத்தவ. கட்டில் சட்டத்துல தலை முட்டற சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு. எங்கயாவது கதவு அடிச்சாக்கூட எனக்கு மொதல்ல அதுதான் ஞாபகம் வரும்.

அவரு விழுந்தா எந்திரிக்கக் கத்துக்கிட்டாருங்கறீங்க. ம். ஆமா. விழுந்திருக்காரு, எந்திரிச்சிருக்காரு, எனக்குத் தெரியாமலே. முட்டியில செராய்ப்பு இருக்கேன்னு ஒரு நாள் கேட்டேன், குளியலறையில வழுக்கிடுச்சுன்னாரு. நான் அன்னிக்கே போய் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டேன். பாவம், அதுலயும் ஒரு தடவ தடுக்கி விழுந்தாராம்.

ஒரு மாசம் தள்ளிப் போட்டாக்கூடப் போதும் சார். என் கை சரியாகட்டும். அந்தக் காரணத்தச் சொல்லலாமேன்னா, அதச் சொல்லிப் பாத்துட்டேன். அதனாலதான் நீ தனியா இருக்கக்கூடாதுங்கறாரு.

என்ன கேட்டீங்க? ரூமா? ஆமா, குடுத்திருக்காங்க. ஆபீசுக்குப் பின்னாடியே. பெரிய ரூமுதான். ஆமா சார், குடும்பத்தோட இருக்கலாம். உங்களுக்கும் அது தெரியும்தானே, அப்பறம் எதுக்கு என் வாயக் கிண்டறீங்க.

போய்ப் பாத்துட்டு வந்தோம். இந்தக் கட்டுப் போட்ட வாரமே, ரெண்டு பேரும். அவரு செருப்பக் கழட்டிட்டு, குச்சியத் தட்டிக்கிட்டு உள்ள போனாரு. செவுரு, ஜன்னலு, கொழாயி, ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கறாரு. தப்பா ஒரு தூண்ல இடிச்சுக்கிட்டு, அட நீ இங்கயா இருக்கன்னு தூணு கூடப் பேசறாரு. அப்பறம் சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்டாரு. இங்க வந்து பாருடி, அடுப்பு மேடை உன் உயரத்துக்கே கட்டுன மாதிரி இருக்கு, நல்லா காத்து வருதுன்னாரு. நான் வாசப்படியிலயே நிக்கறேன் சார். காலு உள்ள போகல. காலி ரூமு. தரையில ஒரு புள்ளி கெடையாது. கையில இருக்கற பைய எங்க வெக்கறதுன்னு தெரியல. எனக்குப் பார்வையில ஒரு கொறையும் இல்ல, ஊசியில நூல் கோப்பேன். ஆனா அந்த ரூமுல எனக்கு ஒண்ணுமே தெரியல. தலை சுத்துதுன்னு சொல்லிட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன். இங்க நான் எதுக்கு, அவருக்கு நான் எத எடுத்து வெக்கப்போறேன்னு அதே நெனப்பு.

பஸ்ல திரும்பி வரும்போது கேட்டாரு, புடிக்கலியாடின்னு. நீங்க போங்க, நான் வரல, எனக்கு லாண்டரி வேலை இருக்குன்னேன். அந்த ஊருல யாரும் துணி துவைக்கறதில்லயான்னாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பறமும் கூப்பிட்டாரு. தலை பின்னும்போது கூப்பிட்டாரு, சாப்பிடும்போது கூப்பிட்டாரு. இன்னிக்குக் காலையிலகூட, உன்ன விட்டுட்டு நான் எப்படிடி போவேன்னாரு. நாந்தான் சார் வரலங்கறேன். அவரு எப்பவோ தயாராயிட்டாரு.

ஆமா, பொய்தான். பழகலன்னு உங்கள ஒரு பொய் சொல்லச் சொல்றேன். தெரிஞ்சுதான் கேக்கறேன். நீங்க அப்படிச் சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவாரு, அதுவும் தெரியும். என்னையே எனக்குப் புடிக்கல சார். அந்த மனுஷன் ஒடஞ்சாக்கூட ஒட்ட வெக்க எனக்குத் தெரியும். இப்படி நல்லா இருந்தா என்ன செய்யறதுன்னுதான் தெரியல.

சொல்ல மாட்டீங்க. ம். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன்னு நெனக்கறேன். யாருகிட்டயாவது வாய் விட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான். எனக்கா? எனக்கென்ன சார் பாடம் சொல்லிக் குடுக்கப்போறீங்க. கண்ணக் கட்டிவிட்டா நான் உங்களவிட நல்லா நடப்பேன். கண்ணத் தெறந்து வெச்சாத்தான் சிக்கல்.

யோசிக்கறேன். யோசிக்கறேன்னுதான் சொன்னேன், சரின்னு சொல்லல.

கெளம்பறேன், உங்களுக்கும் வேலை இருக்கும். இல்ல சார், தனியா எங்க வந்தேன்? அவர்தான் கூட்டிட்டு வந்தாரு. ஒரு கையோட பஸ்ல ஏற எனக்கு பயமா இருந்துச்சு. வாத்தியாருக்கு நான் நன்றி சொல்லணும், நீங்க இருந்தாக் கூச்சமா இருக்கும்னு அவர்கிட்டச் சொல்லி வெச்சேன். அந்தக் கதவு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுக் கீழ போய் நிக்கறாரு. ஜன்னல் வழியா ஒரு குரல் குடுங்க சார், மேல வரச் சொல்லுங்க. இந்த மாடிப்படி எனக்குப் புதுசு.